ஷியோமாருவின் ‘போட்டு வாறன்’

மகனே,

சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டிய கடிதம் இல்லை இது. நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். சூட்கேஸின் பூட்டு பொருந்தவில்லை என்று நீ அதனுடன் மல்லுக்கட்டுவது இங்கே குசினி மேசை வரைக்கும் கேட்கிறது. அம்மா போர்கோ வெக்கியோச் சந்தைக்குக் கணவாய் மீன் வாங்கப் போயிருக்கிறாள். இன்று மத்தியானம் உனக்குக் கடைசிச் சாப்பாடு என்று எழுத வந்தேன், கை கூசியது. பயணச் சாப்பாடு என்று வைத்துக்கொள். எழும்பி நாலு எட்டு வைத்தால் உன்னுடைய கதவு. அந்த நாலு எட்டை வைக்க முடியாமல்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் அப்பாவின் வீரம் அவ்வளவுதான், உனக்குத் தெரியாததா? நாளைக்கு இந்நேரம் நீ யப்பானுக்குப் பறந்துகொண்டிருப்பாய். அதற்கு முன்னால் நான் உனக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லாமல் உன்னை அனுப்பினால் மிச்சக் காலம் முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீயும் மறந்திருக்க மாட்டாய். பூசை முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நீ சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாய்: “அப்பா, எனக்கு யப்பானில வேலை கிடைச்சிருக்கு. ஃபெரிக் கப்பல் கட்டுற இடம். அங்கைதான் போய் இருக்கோணும்.” நான் முதலில் சிரித்தேன். “இஞ்சை இல்லாத கடலோ அங்கை கிடக்கு? உந்தப் பலெர்மோத் துறைமுகத்தில உனக்கு என்ன குறைச்சல்?” என்றேன். நாங்கள் ஊரை விட்டு வந்ததே நீ ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்றுதான் என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று சொன்னாய்: “யப்பானை எனக்குக் காட்டினது நீங்கள்தானே அப்பா.” அது உண்மை. உண்மையாக இருந்தபடியால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. “போறதெண்டால் போ!” என்று கத்திவிட்டேன்.

அம்மாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரையும் பார்த்து வெறும் ‘போ’ சொன்னதில்லை. குப்பையோடு கீழே இறங்குகிறவன்கூடப் போய்விட்டு வருவேன் என்கிற அர்த்தத்தில் ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும், நிற்கிறவர் ‘போட்டு வா’ என்றுதான் அனுப்ப வேண்டும். இதை உனக்குச் சோறு ஊட்டும்போதே சேர்த்து ஊட்டினோம். நீ என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சரி. போறன்” என்றாய். ‘வாறன்’ இல்லாத ‘போறன்’. அதற்குப் பிறகு நீ என்னோடு தமிழில் கதைக்கவில்லை. எல்லாம் இத்தாலியன்தான், அப்பா என்பதும் பாப்பா ஆகிவிட்டது. “சி, பாப்பா.” “நோ, பாப்பா.” மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கேட்டு வரிசையில் நிற்கிற வெளிநாட்டுக்காரனோடு கதைக்கிற மாதிரி.

யப்பானை நான் எப்படி உனக்குக் காட்டினேன் என்று இத்தனை கிழமையாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்கக் கோபம் கரைந்து சிரிப்பு வருகிறது. லிபெர்த்தாத் தெருவில் அந்தச் சின்யோராவின் வீட்டில் நான் சமையலும் துப்புரவும் செய்துகொண்டிருந்த காலம் அது. அவவின் மகன் வளர்ந்து வடக்கே போய்விட்டான். அவனுடைய அலுமாரியின் மேல்தட்டை ஒழிக்கச் சொன்னா. ஏணியில் ஏறி ஒரு பெட்டியை இறக்கினால் உள்ளே முழுக்கப் படக்கதைப் புத்தகங்கள். எறியட்டுமா என்று கேட்டேன். சின்யோரா ஒன்றைத் தட்டிப் பார்த்தா. “இதற்காக அவன் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் கிடந்தவன். உனக்கும் ஒரு பையன் இருக்கிறான் அல்லவா? கொண்டுபோ” என்றா. அந்தப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறிய கோலத்தை நீ பார்க்கவில்லை. பெட்டியின் அடி பிய்ந்து, வழி நெடுக ஷியோமாரு விழுந்து விழுந்து வந்தான்.

உனக்கு அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது, பொறுத்துக்கொள். தெற்கு யப்பானில் ஒரு சிறிய துறைமுகம். அங்கே ஃபெரியில் ஏறுகிறவர்களுக்கு ரிக்கெற் கிழிக்கிற ஒரு மெலிந்த மனுசன், முதுகு நோவுக்காரன். கடல் பெருகி வரும்போது அவன்தான் ஷியோமாரு. நீலச் சட்டையும் வெள்ளை முகமூடியும் போட்டு, ஒற்றைக் கையால் கப்பலைத் திருப்பி விடுவான். கடல் வற்றினால் பலமும் வற்றிவிடும், திரும்ப ரிக்கெற் கிழிக்கப் போய்விடுவான். அவனுடைய எதிரி குடாவுக்குக் குறுக்கே சுவர் கட்டிக் கடலையே உள்ளே வரவிடாமல் தடுக்கப் பார்க்கிற ஒரு டொக்டர். இத்தாலியனில் அவருக்குத் தொத்தோர் செக்கா என்று பெயர். செக்கா என்றால் வறண்டது, வற்றியது. நான் யோசித்தே பார்க்காமல் ‘வத்தல் டொக்டர்’ என்று வைத்துவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா மோர்மிளகாய் பொரிக்கிற நாட்களில், “வத்தல் டொக்டர் எண்ணைச் சட்டிக்குள்ள விழுந்திட்டார்!” என்று வீடு முழுக்க ஓடித் திரிந்தாய்.

எனக்கு அப்போது இத்தாலியன் அரைகுறை. எழுத்துக் கூட்டி ஒரு பேச்சுக் குமிழை வாசித்து, மனதுக்குள் தமிழாக்கி, உனக்குச் சொல்வதற்குள் நீ அடுத்த படத்துக்குத் தாவிவிடுவாய். நீ என் மடியில் இருந்து சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் உரித்துச் சாப்பிட்டபடி கேட்பாய். அந்தத் தோட்டத்தில் எனக்குப் பழைய சிநேகிதன் ஒருவன் பழம் பிடுங்கினான், பிந்திப் பழுக்கிற பழங்களைப் பையில் கட்டித் தருவான். அந்தச் சாறு பட்டுத்தான் பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. அந்தக் கதையை வரைந்த இத்தாலியர் யப்பானை எட்டியாவது பார்த்திருப்பாரோ தெரியாது. ஷியோமாருவின் தெருவில் இரும்புக் கம்பி போட்ட பல்கனிகள், அவற்றில் காயப்போட்ட சேலைத்துணி மாதிரி நீண்ட விரிப்புகள், கீழே மீன் வெட்டிக் கூவுகிற ஆட்கள். எங்கள் தெருவைப் பார்த்து வரைந்துவிட்டு மேலே ஒரு கோபுரக் கூரையைக் கவிழ்த்துவிட்டார். நீ பல்கனியில் நின்று, “அப்பா, நாங்கள் யப்பானிலயோ இருக்கிறம்?” என்று கேட்டாய். ஓம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் உனக்குக் காட்டிய யப்பான். நாளைக்குப் போய் இறங்கும்போது அங்கே அப்படியொரு தெரு இல்லை என்று அந்த ஊரைக் கோபிக்காதே. அவர்கள் மேல் பிழையில்லை.

தமிழாக்கும்போது எனக்கு வந்த பெரிய சங்கடம் சண்டைக் காட்சி இல்லை. ஷியோமாரு டொக்டரை எப்படிக் கூப்பிடுவான் என்பதுதான். ‘நீ’ என்றால் தெருச்சண்டை ஆகிவிடும். ‘நீங்கள்’ என்றால் பயந்தவன் மாதிரி இருக்கும். எங்களிடம்தான் நடுவில் ஒன்று இருக்கிறதே, ‘நீர்’. மன்னாரில் எங்கள் வீட்டில் அது அவ்வளவாகப் புழங்கவில்லை. நாங்கள் ‘நீ’ வீட்டுக்காரர். ‘நீர்’ என்றால் யாழ்ப்பாணத்து மாஸ்டர்மார், கந்தோர் உத்தியோகத்தர். மேலே தூக்காமல், கீழே தள்ளாமல், நேருக்கு நேர் நின்று கதைக்கிற சொல். ஷியோமாருவுக்கு அதைக் கொடுத்தேன். “நீர் இந்தக் குடாவை மூட முடியாது. தள்ளி நில்லும்!” என்று குரலைத் தாழ்த்தி வாசிப்பேன். சின்யோரா இருந்த கட்டடத்தின் வாயில்காவலர் அவவை ‘வொஸ்ஸீயா’ என்று கூப்பிடுவதைக் கேட்டபோது, இந்தச் சிசிலிக்காரருக்கும் தூ, லேய், வொஸ்ஸீயா என்று எங்களைப் போல மூன்று படி இருக்கிறதே என்று ஒரே சந்தோசம். டொக்டர் மட்டும் ஷியோமாருவைக் கடைசிப் புத்தகம் வரும்வரைக்கும் ‘தூ’ என்றுதான் கூப்பிட்டார். அதை நான் ‘நீ’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசிப்பேன்.

இதில் நீ விட்ட கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குலுங்குகிறது. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. நீர் என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதுங்கோ என்று ரீச்சர் சொல்லியிருக்கிறா. மற்றப் பிள்ளைகள் நீர் குடித்தார்கள், நீர் ஊற்றினார்கள். நீ எழுதினது, ‘நீர் இன்றைக்குத் தப்பினீர், நாளைக்கு விடமாட்டேன்.’ கூட்டிப்போக வந்த என்னை ரீச்சர் மறித்தா. “உங்கட மகன் ஆரோடை சண்டை பிடிக்கிறான்?” என்று கேட்டா. நீ மிகவும் பொறுப்பாக விளங்கப்படுத்தினாய்: “ஷியோமாரு தண்ணியோடைதான் கதைக்கிறவர் ரீச்சர். நீர் எண்டால் அக்குவா. கடல் சொல்வழி கேக்காட்டி அவருக்குக் கோபம் வரும்.” இத்தனை நாளும் நீ கேட்டுக்கொண்டிருந்த கதை வேறு! அவன் டொக்டரைப் பார்த்து ‘நீர் யார்?’ என்று உறுமும்போதெல்லாம், நீ அவன் கடலைப் பார்த்துக் கேட்கிறான் என்றே நினைத்திருக்கிறாய். வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து தெரியும்? நான் விளங்கப்படுத்தின பிறகும் நீ உன்னுடைய கதையை விடவில்லை. கடலோடு கதைக்கிறதுதான் நல்லாயிருக்கு என்று சாதித்தாய். எனக்கும் அது பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் உன்னுடைய கடல் ஆராய்ச்சி தொடங்கியது. காலாப் படகுத்துறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். சோக்கட்டியால் கல்லில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுக் குந்திக்கொண்டாய். கடல் ஏறட்டும் என்று. இந்தக் கடல் ஏறினால்தானே? விரற்கடை அசைவதற்கே யோசிக்கிற கடல் இது. பின்னேரமாகியும் கோடு அப்படியே இருந்தது. “இஞ்சைத்தைக் கடலுக்குப் பெருகத் தெரியாதோ அப்பா? அப்ப ஷியோமாரு இஞ்சை வந்தால் சும்மா ரிக்கெற் கிழிக்கிற ஆளாத்தான் இருப்பாரோ?” என்று கேட்டாய். மன்னாரில் கடல் வற்றினால் வள்ளங்கள் சேற்றில் சரிந்து கிடக்கும், பெருகினால் தானாக எழும்பி ஆடும் என்று சொன்னேன். நீ நம்பவில்லை. கதை விடுகிறேன் என்று நினைத்தாய். கப்பல் பறந்ததை நம்பினாய், இதை நம்பவில்லை. உனக்கு அங்கே உண்மையாகவே ஏறி இறங்குகிற கடல் கிடைக்கப்போகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமையே போய்க் கோடு போட்டுப் பார்.

எனக்கு இத்தாலியன் படிப்பித்தது சின்யோரா பாதி, அந்தப் பெட்டி பாதி. அதனால் வந்த வினையும் உனக்குத் தெரியும். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க உன்னையும் கூட்டிக்கொண்டு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போன அன்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரருக்கு நான் மரியாதையாகப் போட்டு வாறன் சொல்ல நினைத்தேன். வத்தல் டொக்டர் ஒவ்வொரு புத்தகத்திலும் புறப்படும்போது சொல்கிற வசனம் ஞாபகம் வந்தது. ‘சி ரிவெத்ரெமோ’. நாங்கள் மறுபடி காணுவம் என்றுதானே அர்த்தம்? இதைவிட நல்ல இத்தாலியன் வேறு என்ன இருக்கிறது? டொக்டர் சொல்கிற அதே இழுவையோடு, விரலையும் உயர்த்திச் சொன்னேன். அந்த மனுசனின் பேனா நின்றது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். “அப்பா! அது வெருட்டுறதுக்குச் சொல்லுறது!” பிறகு நீயே கண்ணாடி ஓட்டைக்குள் வாயை வைத்து, மூச்சு விடாமல் ஷியோமாருவின் கதை முழுவதையும் அந்த ஆளுக்குச் சொன்னாய். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து யன்னல்காரரும் எட்டிப் பார்த்தார். நாங்கள் வெளியே வரும்போது உள்ளேயிருந்து அவரும் விரலை உயர்த்தி, “சி ரிவெத்ரெமோ!” என்றார். நீ வெட்கத்தில் செத்துப்போனாய். எனக்கு அன்றைக்கு இந்த ஊர் முதல் முறையாகப் பிடித்தது.

இனித்தான் நான் சொல்ல வந்த இடம். ஷியோமாரு ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் படத்திலும் ஒரே வசனத்தைச் சொல்வான்: ‘தோர்னோ கொன் லா மரேயா’. பெருக்கோடு திரும்பி வருவேன். பெருக்கே இல்லாத ஊரில் வளர்கிற பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? நான் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. ‘போட்டு வாறன்’ என்று வாசித்துவிட்டேன். யப்பானிய வீரன், இத்தாலியப் புத்தகம், முகமூடி எல்லாம் இருக்க, அவன் வாயில் எங்கள் வாசல்படிச் சொல். நீயும் உடனே, “போட்டு வாங்கோ!” என்று கை காட்டுவாய். பிறகுதான் புத்தகத்தை மூட விடுவாய். சும்மா மூடினால் திறக்கச் சொல்லி அடம் பிடிப்பாய்.

ஆனால் பெட்டியின் அடியில் கிடந்த கடைசிப் புத்தகத்தில் அவன் அதைச் சொல்லவில்லை. சுவர் கட்டி முடிந்துவிட்டது, குடாவுக்குள் இனிக் கடல் பெருகாது. அவன் வேறொரு கடலைத் தேடிப் போகிறான். துறையில் டொக்டர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதுவரைக்கும் ‘தூ’ போட்ட வாயால் முதல் முறையாக ‘வொய்’ என்கிறார். பழைய மரியாதைச் சொல். அதை நான் ‘நீர்’ என்று வாசித்தேன். அடுத்த படத்தில் கப்பல் தட்டில் ஷியோமாரு. குமிழுக்குள் ஒரே ஒரு சொல். ‘அதீயோ’. அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அர்த்தம் தெரியும். இனிக் காண மாட்டோம் என்று தெரிந்து சொல்கிற சொல். அதற்குத் தமிழில் என்ன சொல்வது? விடைபெறுகிறேன் என்பது மேடையில் மைக் பிடித்தவர் சொல்வது. சொந்த வீட்டுப் படியிறங்குகிறவன் சொல்வதில்லை. ‘போறன்’ என்பது வாயில் எடுக்கக் கூடாதது. நீ வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாய். “போட்டு வாறன்” என்று வாசித்தேன். நீ “போட்டு வாங்கோ” என்று கை காட்டினாய். பிறகு அடுத்த புத்தகம் எப்போது என்று எத்தனை மாதம் கேட்டாய்!

நீ சொந்தமாக வாசிக்கத் தொடங்கியபோது ஒரு நாள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய். முகம் சிவந்திருந்தது. “அப்பா, இதிலை அதீயோ எண்டெல்லோ கிடக்கு. நீங்கள் பொய் சொன்னனீங்கள்.”

“பொய் இல்லையடா. அதுக்கு எங்கட பாசையில சொல்லு இல்லை.”

“ஏன் இல்லை?”

“தேவைப்படேல்லை.”

நீ புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாய். உனக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. நான் மன்னாரை விட்டு வெளிக்கிட்ட காலையில் என்னுடைய அப்பாவுக்குப் ‘போட்டு வாறன்’ என்றுதான் சொன்னேன். அவரும் ‘போட்டு வா மகன்’ என்றார். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் தெரியும், சண்டை நடக்கிற ஊருக்கு நான் அவ்வளவு சுலபமாகத் திரும்ப மாட்டேன் என்று. திரும்பவும் இல்லை. அவர் போன செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. ஆனாலும் அவர் என்னைப் ‘போ’ என்று அனுப்பவில்லை. இங்கே குளிரில் படிக்கட்டுத் துடைத்த நாட்களில் அந்த ‘வா’ என் சட்டைப்பைக்குள் இருந்தது. நம்பினால் நம்பு, அதை வைத்துத்தான் சமாளித்தேன்.

அப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிறந்தவன்தான், தமிழில் இல்லாத அதீயோவைத் தேடிப் பிடித்து உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால். அம்மா இத்தனை கிழமையாக என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். “அவன் யப்பானுக்குப் போறது உங்களுக்குக் கோபமில்லை. உங்களை விட்டிட்டுப் போறான் எண்டுதான் உந்தக் கோபம். அதை வாய் திறந்து சொன்னால் என்ன, முத்தோ உதிர்ந்திடும்?” என்றாள். சொல்கிறேன். மகனே, நீ இல்லாத இந்த வீட்டை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். அதற்கு நான் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் நீ கூப்பிட்டாய். “அப்பா, அந்த நைலோன் கயிறு எங்கை கிடக்கு?” தமிழில். ஏதோ நேற்றும் முந்தாநாளும் இப்படித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம் என்கிற மாதிரி. பேனாவை வைத்துவிட்டு ஓடி வந்தேன், முழங்கால் நோவு எங்கே போனதோ. பூட்டு உடைந்தே போயிருந்தது. நீ சூட்கேஸின் மேல் ஏறி இருந்துகொண்டாய், நான் சுற்றிக் கட்டினேன். மூடுவதற்கு முன்னால் பார்த்தேன், சட்டைகளுக்கு மேலே அந்தக் கடைசிப் புத்தகம், மண்டரின் கறையோடு. நீயும் நான் பார்த்ததைப் பார்த்தாய். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை. வாயைத் திறந்தேன். “நல்லா இறுக்கிக் கட்டோணும், இல்லாட்டிப் பிளேனில பிரிஞ்சிடும்” என்றுதான் வந்தது. நீ, “ஓம் அப்பா” என்றாய். திரும்ப வந்து இந்தக் கதிரையில் இருந்து கொஞ்சம் அழுதுவிட்டு எழுதுகிறேன்.

அறிவுரை சொல்லாமல் ஒரு தகப்பன் கடிதத்தை முடித்தால் சரித்திரம் மன்னிக்காது. ஆனபடியால் ஒன்றே ஒன்று. ஷியோமாரு கப்பலைத் திருப்பினதை நீ மறந்தாலும் பரவாயில்லை, கடல் வற்றின நேரத்தில் அவன் என்ன செய்தான் என்பதை மறக்காதே. அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் கிடக்கவில்லை. போய் ரிக்கெற் கிழித்தான். வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னான், பாரப் பையோடு வந்த கிழவிக்குக் கை கொடுத்தான். உனக்கு அங்கே முதல் வருசம் முழுக்கக் கடல் வற்றின காலமாகத்தான் இருக்கும். பாசை தெரியாது, சாப்பாடு பிடிக்காது, ஒருவரும் உன் பெயரைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இங்கே அப்படித்தான் இருந்தது. அந்த நேரத்தில் உன் வேலையைச் செய்துகொண்டிரு. அவர்களிடம் ஆளைக் கூப்பிடுவதற்கு எங்களைவிட அதிகம் படிகள் இருக்கிறதாம். பிழை விடுவாய். யாரையாவது வத்தல் டொக்டரின் வசனத்தால் வெருட்டியும் விடுவாய். விடு. சிரித்துவிட்டால் ஊர் பிடித்துப்போகும்.

இத்தனை கிழமையாக நீ என்னோடு இத்தாலியனில் கதைத்தபோது ஒன்றைக் கவனித்தேன். தமிழில் நான் உனக்கு ‘நீங்கள்’, நீ எனக்கு ‘நீ’. நான் மாடியில், நீ கீழே. இத்தாலியனில் நீ என்னைத் ‘தூ’ என்கிறாய், நானும் உன்னைத் ‘தூ’ என்கிறேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் நிற்கிறோம். முதலில் எனக்கு அது சுட்டது. பிறகு யோசித்தேன். ஒரே தட்டில் நிற்க எங்களிடமும் ஒரு சொல் இருக்கிறதே, அதை நான் ஒரு முகமூடிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் புழங்காமல் வைத்திருந்தேனே என்று. கோபத்திலும் சில தகப்பன்மார் பிள்ளையை ‘நீர்’ போடுவார்கள், தூரத் தள்ளி வைக்க. நீ அப்படி எடுக்க மாட்டாய் என்று தெரியும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற அந்த டொக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும்.

நாளைக்கு விமான நிலையத்தில் அம்மா அழுவாள், நான் பையைப் பிடிக்கிற சாட்டில் குனிந்துகொண்டு நிற்பேன். வாய் வந்தால் சொல்வேன். வராவிட்டால் என்று, கட்டின கயிற்றைத் தளர்த்தி இந்தக் கடிதத்தை அந்தப் புத்தகத்துக்குள், அதீயோ இருக்கிற பக்கத்தில் வைக்கப்போகிறேன். அங்கே போய்த் திறக்கும்போது அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் இதுவும் இருக்கட்டும்.

மகன், உமக்கு அங்கே குளிரும், கம்பளிச் சட்டையை மறக்காதேயும். அம்மா கட்டித் தருகிற மிளகாய்த்தூளை ஆருக்கும் குடுத்து முடிச்சிடாதேயும். கடல் பெருகினால் எனக்குப் படம் எடுத்து அனுப்பும். நீர் சின்னனில் சொன்னதுதான் சரி, அவன் கடலோடைதான் கதைத்தவன். நீரும் அதோடை கதையும், தமிழில் கதையும், அது விளங்கிக்கொள்ளும். இஞ்சை ஒரு மனுசன் கதவைப் பூட்டாமல் இருப்பான்.

போட்டு வாரும்.

அப்பா